ஒலி, ஒளி அமைப்பு

மதுரைப் பக்கத்துக் கிராமத் திருவிழா நோட்டீஸ் எதை எடுத்தாலும், அம்மன் படத்துக்கும் நன்கொடையாளர் பட்டியலுக்கும் கீழே, கடைசி வரியாக ‘ஒலி, ஒளி அமைப்பு’ என்று இருக்கும். பக்கத்தில் ஏதோ ஒரு சவுண்ட் சர்வீஸ் பெயர். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற அதே ஆள்தான் தெருவெல்லாம் சீரியல் செட்டும் தொங்கவிடுவார். பத்து வயதில் எனக்கு இதில் வினோதம் எதுவும் தெரிந்ததில்லை. மைக்செட்காரர் என்றால் பாட்டும் போடுவார், விளக்கும் போடுவார், அவ்வளவுதான். இந்த இரண்டு வேலையும் உள்ளுக்குள் எவ்வளவு நெருக்கம் என்று கண்ணாலும் காதாலும் ஒரே நேரத்தில் பார்த்தது போன மாதம்தான். எனக்கு இப்போது 52 வயது.

அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்று வந்து நின்றாள்.

“என்ன செய்யப்போறே?”

“ஆட்டோமேட்டிக் ஸ்ட்ரீட் லைட், சித்தப்பா. கடையிலேயே ரெடிமேடா விக்கிறாங்களாம். அப்பா வாங்கித் தர்றேன்னுட்டார்.”

அந்தத் தெருவிளக்கை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தெர்மோகோலில் ஒரு ரோடு, கறுப்புச் சார்ட் ஒட்டி நடுவில் வெள்ளைக் கோடு, இரண்டு பொம்மைக் கார். மூலையில் வெளிச்சம் பட்டால் தடை குறையும் எல்டிஆர். அதைக் கையால் மூடினால் ரோட்டு விளக்கெல்லாம் எரியும். சர்க்யூட்டில் தப்பு ஒன்றும் இல்லை, நல்ல சர்க்யூட்தான். ஆனால் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் ஐந்தாறு மேசையில் அதே ரோடு, அதே கார். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: “அது வேண்டாம். ஒரு லைட்டை மினுக்க வைப்போம். அப்புறம் அதையே பாட வைப்போம்.”

“லைட் எப்படி சித்தப்பா பாடும்?”

வாய் கொடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை இருவரும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனோம்.

மவுண்ட் ரோட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் வருகிற அந்தச் சின்னத் தெருவை நான் முதலில் பார்த்தது 19 வயதில், பாலிடெக்னிக் படிக்கும்போது. அப்போது ரெசிஸ்டரை எண்ணித் தரமாட்டார்கள், கைக்கு வந்ததைப் பிடித்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். இப்போது முன்வரிசைக் கடைகளில் கேமராவும் கம்ப்யூட்டரும் செல்போன் சாமானும்தான். உதிரிப் பாகம் வேண்டுமென்றால் மாடிப்படி ஏற வேண்டும், அல்லது ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்துக்குள் போகவேண்டும். ஆனால் உள்ளே பாஷை மாறவில்லை. “ட்ரிபிள் ஃபைவ் ரெண்டு, எட்டு பின் ஐசி பேஸ் ரெண்டு, கால் வாட்ல அறுபத்தெட்டு கே” என்றால் கடைக்காரர் தலையைத் தூக்காமலே எடுத்துப் போடுகிறார். அண்ணன் மகள் அதைப் பார்த்து அசந்துபோனாள். ஏதோ ரகசிய மந்திரம் என்று நினைத்தாள் போல.

நாங்கள் வாங்கியது இவ்வளவுதான்: 555 ஐசி (துடிப்பு உண்டாக்கும் எட்டுக் கால் சில்லு), சிவப்பு எல்இடி, 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 680 ஓம் ரெசிஸ்டர்கள், ஒரு 9 வோல்ட் பேட்டரி, அதன் மூடி, பற்றவைக்காமல் செருகியே பாகங்களைச் சேர்க்க ஒரு ப்ரெட்போர்டு, மின்சாரத் துடிப்பைச் சத்தமாக்க, காசு அளவுக்கு ஒரு பீசோ தகடு. பிறகு கண்டன்சர்கள்: 10 மைக்ரோ ஃபாரட், 1, 0.47, 0.1, 0.01. கடைசி இரண்டின் மேலும் 104, 103 என்றுதான் அச்சாகியிருக்கும். பிக்கோ ஃபாரட் கணக்கில் பத்துக்குப் பின்னால் எத்தனை சைபர் என்பது அந்தக் கடைசி எண். இதைச் சொல்லித் தராமல் விட்டால் பிள்ளைகள் 104-ஐ நூற்று நான்கு என்றே வாசிப்பார்கள். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் வாசித்தேன்.

கண்டன்சர் என்பது பழைய ரேடியோ மெக்கானிக் வார்த்தை. சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் “கண்டன்சர் போச்சு” என்கிறோமே, அதே சாமான்தான். இவள் தமிழ் வழியில் படிக்கிறவள் இல்லை என்றாலும், தமிழ்ப் பாடப்புத்தகத்தில் இதற்கு ‘மின்தேக்கி’ என்று பெயர் என்றதும் சட்டென்று, “டேம் மாதிரியா?” என்றாள். அந்தச் சொல்லை உருவாக்கியவருக்கு ஒரு கும்பிடு. வேலை பாதியாகக் குறைந்துவிட்டது.

டேம் என்றில்லை, எங்கள் ஊர்க் கண்மாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. வாய்க்கால் எவ்வளவு குறுகல் என்பதுதான் ரெசிஸ்டர். கண்மாய் எவ்வளவு பெரிது என்பது கண்டன்சர். மடையில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், நீர்பாய்ச்சி என்போம். அவருக்கு ஒரே உத்தரவு. தண்ணீர் மேல் கோட்டைத் தொட்டால் மடையைத் திற, கீழ்க் கோட்டுக்கு இறங்கினால் மூடு. திறந்திருக்கும்போது விளக்கை அணை, மூடியிருக்கும்போது ஏற்று. இந்த நீர்பாய்ச்சிதான் 555. மேல் கோடு பேட்டரி மின்னழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு, கீழ்க் கோடு மூன்றில் ஒரு பங்கு. உள்ளே ஒரே அளவான மூன்று ரெசிஸ்டர் வரிசையாக நின்று அந்த இரண்டு கோட்டையும் போட்டுத் தருகின்றன.

மூன்றும் 5 கிலோ ஓம். அதனால்தான் 555 என்று பெயர் என்று என் பாலிடெக்னிக்கில் சொல்லித் தந்தார்கள், நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அது கதை. அதை வடிவமைத்த ஹான்ஸ் காமென்சிண்டே பின்னாளில் மறுத்திருக்கிறார். சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த ஆர்ட் ஃப்யூரி என்பவருக்கு அந்த எண் பிடித்திருந்தது, வைத்துவிட்டார், அவ்வளவுதானாம். காமென்சிண்ட் சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். சிக்னெட்டிக்ஸில் வேலையை விட்டுவிட்டு, 1971-இல் அதே நிறுவனத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் தனியாளாக உட்கார்ந்து இதைச் செய்தார். முதல் வடிவத்துக்கு 9 கால் தேவைப்பட்டது. பிறகு ஒரு யோசனை தோன்றி ஒரு காலைக் குறைத்தார், 8 கால் பெட்டிக்குள் அடங்கியது. 1972-இல் கடைக்கு வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் ரிச்சி ஸ்ட்ரீட் சந்துக்குள் தலையைத் தூக்காமல் எடுத்துப் போடுகிறார்கள்.

இணைப்புகளைச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு: ஐசியின் பள்ளம் இடது பக்கம் இருக்கும்படி வைத்தால் கீழ் வரிசையில் இடமிருந்து வலம் 1, 2, 3, 4. மேல் வரிசையில் வலமிருந்து இடம் 5, 6, 7, 8. எட்டும் நாலும் பிளஸ், ஒன்று மைனஸ். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் 1 கிலோ ஓம், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் 68 கிலோ ஓம். ஆறையும் இரண்டையும் ஒரு வயரால் சேர்த்துவிட வேண்டும். இரண்டிலிருந்து மைனஸுக்கு, நாம் மாற்றி மாற்றிச் செருகப்போகிற கண்டன்சர். ஐந்திலிருந்து மைனஸுக்கு ஒரு 103 போட்டால் நல்லது, போடாவிட்டாலும் ஓடும். மூன்றாவது கால்தான் வாசல். அதிலிருந்து 680 ஓம் வழியாக எல்இடி, நேராகப் பீசோ தகடு, இரண்டும் மைனஸுக்கு. ஒளியும் ஒலியும் ஒரே காலில்.

680 எதற்கு என்று அவளே கணக்குப் போட்டாள். சிவப்பு எல்இடி தனக்கென்று சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டைச் சும்மா விட்டால் எல்இடி கருகும். 7-ஐ 680-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியர். ஐசி தனக்கும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்பதால் உண்மையில் இன்னும் குறைவுதான் ஓடும். எல்இடிக்கு அது தாராளம். நீலம், சாம்பல், பழுப்பு என்று கோடு போட்ட ரெசிஸ்டரைத் தேடி எடுத்தாள். சாம்பலுக்கும் வெள்ளைக்கும் அந்தச் சின்ன உடம்பில் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது, அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

முதலில் 10 மைக்ரோ ஃபாரட். பேட்டரியை மாட்டியதும் எதுவும் நடக்கவில்லை. இந்த இடத்தில் யாருக்கும் எதுவும் நடக்காது, கவலைப்படாதீர்கள். எங்கள் ப்ரெட்போர்டில் ஓரத்து பிளஸ் வரிசை நடுவில் வெட்டுப்பட்டிருந்தது. சில போர்டுகளில் அப்படித்தான் இருக்கும், சிவப்புக் கோடும் அந்த இடத்தில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கும், கவனித்தால்தான் தெரியும். ஒரு துண்டு வயரால் பாலம் போட்டதும் எல்இடி கண்ணைத் திறந்தது.

விநாடிக்கு ஒரு மினுக். பீசோ தகட்டில் ‘டிக்’, ‘டிக்’. எரியும்போது ஒன்று, அணையும்போது ஒன்று. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் எண்ணினாள்: 54. சூத்திரப்படி 63 வர வேண்டும். (1.44-ஐ, முதல் ரெசிஸ்டர் கூட்டல் இரண்டு மடங்கு இரண்டாவது ரெசிஸ்டர், பெருக்கல் கண்டன்சர் என்பதால் வகுக்க வேண்டும். 1.05 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 1.05 தடவை, கிடைக்கும்.) “தப்பா வருதே” என்று முகம் வாடினாள். தப்பில்லை. அந்த மாதிரி எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரில் 10 என்று எழுதியிருந்தால் 8 முதல் 12 வரை எதுவாகவும் இருக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. எழுதியதுக்கும் இருப்பதுக்கும் இருபது சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்று கேட்டதில் அவளுக்கு ஒரே சந்தோஷம். இதைப் பரீட்சை மார்க்குக்கும் பயன்படுத்தப் பார்த்தாள்.

அடுத்து 10-ஐப் பிடுங்கிவிட்டு 1 மைக்ரோ ஃபாரட். கண்மாய் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது, அதே வாய்க்கால், அதனால் பத்து மடங்கு வேகமாக நிறைகிறது. எல்இடி படபடத்தது. தகட்டில் மழைத்துளி ஓட்டில் விழுவது போல. கண்ணால் எண்ண முடியாது, ஆனால் அது விட்டுவிட்டு எரிகிறது என்பது தெரிகிறது. காதுக்கும் அப்படியே, தனித்தனித் தட்டல்கள்தான்.

பிறகு 0.47. விநாடிக்குச் சுமார் 22. இந்த இடத்தில் நாங்கள் இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. எல்இடி இன்னும் துடித்துக்கொண்டுதான் இருந்தது, பார்க்கவே கண் உறுத்தியது. (வலிப்பு வருகிறவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வேகத்தில் மினுக்கும் விளக்கை உற்றுப் பார்க்க விடாதீர்கள்.) ஆனால் தகட்டில் தட்டல் போய்விட்டது. ‘டர்ர்ர்’ என்று ஒரு உறுமல், பூனை மடியில் படுத்திருப்பது போல. கண்ணுக்கு அது இன்னும் துண்டுதுண்டு. காதுக்கு அது ஒரே பொருளாகிவிட்டது. ஒரே காலிலிருந்து, ஒரே கணத்தில் வருகிறது இரண்டும். விநாடிக்கு இருபதைத் தாண்டினால் மனிதக் காதுக்கு ஓசை என்று பாடத்தில் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த வாசற்படியில் நின்று பார்த்ததில்லை.

0.1 போட்டதும் கண்ணும் தோற்றது. விநாடிக்கு 105 தடவை அணைந்து எரியும் எல்இடி, அசையாமல் எரிகிற மாதிரியே இருந்தது, கொஞ்சம் மங்கலாக. தகட்டிலிருந்து வண்டு ரீங்காரம். “இப்ப மினுக்கலையே?” என்றாள். விளக்கை அணைத்துவிட்டு, ப்ரெட்போர்டைக் கையில் எடுத்து வேகமாகப் பக்கவாட்டில் வீசிக் காட்டினேன். இருட்டில் சிவப்புக் கோடு வரவில்லை, சிவப்புப் புள்ளிகள் வந்தன, வரிசையாக, நடுநடுவே இடைவெளி விட்டு. அவள் கையிலிருந்து அதை வாங்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. வீசிய வீச்சில் பேட்டரி இரண்டு தடவை கழன்று கட்டிலுக்கடியில் போனது.

0.01 போட்டபோது விசில். ஆயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸ். சமையலறையிலிருந்து அண்ணி, “அதை நிறுத்துறீங்களா ரெண்டு பேரும்?” என்றார். விளக்கு பாட ஆரம்பித்துவிட்டது என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பேட்டரி நாளாக ஆகத் தளர்ந்துகொண்டே வந்தது. வீட்டில் இருந்த மீட்டரில் வைத்துப் பார்த்தபோது 9 வோல்ட் 7-க்கு இறங்கியிருந்தது. எல்இடி மங்கியது, சத்தம் மெலிந்தது. ஆனால் விசிலின் சுருதி இறங்கவில்லை. கண்மாய்க்கு வரும் தண்ணீரின் வேகம் குறைந்துவிட்டது, நிறைவதற்கு அதிக நேரமாக வேண்டுமே? ஆகவில்லை, ஏனென்றால் அந்த இரண்டு கோடும் பேட்டரியின் பங்குகள். பேட்டரி இறங்கினால் கோடுகளும் கூடவே இறங்கிவிடுகின்றன. காமென்சிண்டின் சாமர்த்தியம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். இதை நம்பித்தான் 555-இல் எட்டுப் பொத்தான் வைத்து பொம்மை ஆர்கன் செய்கிறார்கள். ஸ்வரத்துக்கு ஒரு பிரீசெட் (திருகித் தடையை மாற்றுகிற சின்ன ரெசிஸ்டர்), ஒவ்வொன்றையும் திருகி ஆர்மோனியத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நானும் ஒன்று செய்தேன். ச-வும் ப-வும் உடனே சேர்ந்தன. ம-வைச் சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

கண்டன்சர் மாற்றும் விளையாட்டில் ஒரே ஒரு ஆபத்து, 10, 1 போன்ற எலக்ட்ரோலிட்டிக்குகளுக்குப் பிளஸ் மைனஸ் உண்டு. உடம்பில் வெளிர் பட்டை இருக்கிற பக்கம் மைனஸ். மாற்றிப் போட்டால் சின்ன பேட்டரியில் பெரும்பாலும் சூடாகி நின்றுவிடும். கொஞ்சம் பெரிய சப்ளையில் வயிறு உப்பி வெடிக்கும். நான் ஒன்றை வெடிக்கவிட்டிருக்கிறேன். மீன் கவிச்சி மாதிரி ஒரு நாற்றம் ஹாஸ்டல் அறையில் ஒரு நாள் முழுக்க நின்றது.

ஆனால் என் வாழ்க்கையில் நான் கொன்ற பாகங்களில் இன்னும் வருத்தம் தருவது ஒரு யூஎம் 66. வாழ்த்து அட்டையைத் திறந்தால் பாட்டு வருமே, அந்தப் பாட்டு ஐசி. பார்க்க பிசி 547 டிரான்சிஸ்டர் மாதிரியே மூன்று கால். உள்ளே ஒரு முழு மெட்டு. இரண்டு பென்சில் பேட்டரி, 3 வோல்ட், அதற்குப் போதும். என் கையில் அன்று இருந்தது 9 வோல்ட். ‘கீ’ என்று முதல் ஸ்வரத்தின் பாதி வந்தது. மீதியை நான் கேட்கவே இல்லை, அது எந்தப் பாட்டு என்றுகூட இன்று வரை தெரியாது.

சரி, மைக்செட்காரரிடம் திரும்புவோம். எங்கள் ஊர்க் கோயில் வாசலில் பலகையில் பல்பு அடித்த ஒரு அம்மன் நிற்கும். சூலத்தின் அடியிலிருந்து நுனிக்கு வெளிச்சம் ஓடும், பின்னால் சக்கரம் சுற்றும். எல்லோரும் முன்னால் நின்று பார்த்தார்கள். நான் பின்னால் போனேன். அங்கே ஒரு மர உருளை, அதன் மேல் செப்புத் தகடுகள் வெவ்வேறு நீளத்தில் ஆணி அடித்து இறுக்கியிருந்தன. ஒரு சின்ன மோட்டார் பெல்ட் போட்டு அதைச் சுற்றியது. விரல்கள் போல வரிசையாக நின்ற பட்டைகள் உருளையை உரசிக்கொண்டே இருக்கும். தகடு வந்தால் தொடர்பு, மரம் வந்தால் இல்லை. தொடும்போதும் விடும்போதும் நீலப் பொறி. ‘கடகட’ என்று ஒரு சத்தம், முன்னால் பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. மைக்செட்காரர் என்னை விரட்டவில்லை. “கையை மட்டும் கொண்டாந்துடாதே, இருநூத்தி முப்பது” என்றார். அந்த எச்சரிக்கையை அப்படியே இங்கேயும் வைக்கிறேன். இந்தக் கட்டுரையில் உள்ளதெல்லாம் பேட்டரி வேலை. சீரியல் செட்டைப் பிரித்துப் பார்க்கிற ஆசை வந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.

அந்த மர உருளையை ஒரு விரல் நீளத்துக்குள் அடைத்தால் சிடி 4017 என்கிற ஐசி. பதினாறு கால். பதினான்காவது காலில் ஒரு துடிப்பு வந்தால், பத்து வாசலில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வெளிச்சம் நகரும். பத்தாவது முடிந்தால் மறுபடி முதல். துடிப்பைத் தருவது நம்ம 555. எல்லா ஹாபி பிள்ளைகளும் மினுக்குக்கு அடுத்தபடியாகச் செய்வது இந்த ஓடும் விளக்குதான். ஒரு நேரத்தில் ஒன்றுதான் எரியும் என்பதால் பத்து எல்இடிக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் வைத்துச் சமாளித்துவிடுவோம். எரிச்சல் என்னவென்றால் அந்தப் பத்து வாசலும் காலில் வரிசையாக இல்லை. 3, 2, 4, 7, 10, 1, 5, 6, 9, 11. இதை ஏழாம் வாய்ப்பாட்டை விடச் சரளமாக இன்றும் சொல்வேன்.

19 வயதில் அதை அட்டையில் பற்றவைத்து, அம்மன் படத்துக்குச் சட்டம் போல எல்இடி அடித்து, பங்குனித் திருவிழாவுக்கு ஊருக்கு எடுத்துப் போனேன். பஸ்ஸில் அடிபட்டிருக்கும் போல. வீட்டில் மாட்டியதும் ஒரு எல்இடி மட்டும் எரிந்தது, ஓடவில்லை. குனிந்து பார்த்தேன், தலைதெறிக்க ஓடியது. நிமிர்ந்தேன், நின்றது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது. தொடவே இல்லை. அப்பத்தா இதைப் பார்த்துவிட்டார். “ஆத்தா இறங்கியிருக்காடா” என்று திருநீறு எடுத்து வந்து அட்டை மேல் போட்டார். சொந்தக்காரர்கள் நாலு பேர் கையை நீட்டிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஓடியது. ஒரு மாமாவுக்கு மட்டும் ஓடவில்லை. அதற்கு ஊரில் என்னென்னவோ காரணம் சொன்னார்கள். அவர் காலில் ரப்பர் செருப்பு இருந்ததா, தள்ளி நின்றாரா என்பதை நான் கவனிக்கவில்லை.

காரணம் அன்று ராத்திரி தெரிந்தது. 555-இலிருந்து பதினான்காவது காலுக்குப் போகும் வயர், மேலுறைக்குள்ளேயே அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும். எங்கேயும் சேராமல் தொங்கிய அந்தக் கால், சுற்றி இருப்பதையெல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டது. வீட்டு வயரிங்கில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நம் உடம்பையும் விடுவதில்லை, ஆன்டெனா போல உடம்பு அதை ஏந்திக்கொண்டு நிற்கிறது. கையைக் கிட்டே கொண்டுபோனபோது விநாடிக்கு 50 துடிப்பு அந்தக் காலுக்குள் இறங்கியது. அந்த ஐசி வகைக்கு உள்ளே இழுக்க மின்னோட்டமே தேவையில்லாத அளவு கூர்மையான காது. அதனால்தான் பயன்படுத்தாத உள்ளீட்டுக் கால்களைப் பிளஸிலோ மைனஸிலோ கட்டாயம் கட்டிவிட வேண்டும். இதில் 13, 15 இரண்டும் மைனஸில். வயரை மாற்றிப் பற்றவைத்தேன். விளக்கு ஒழுங்காக ஓடியது. அப்பத்தாவுக்கு அதற்கப்புறம் அதில் சுவாரசியம் போய்விட்டது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், ஆர்டுயினோ (நிரல் எழுதி ஓட்டுகிற சின்ன கம்ப்யூட்டர் போர்டு) வாங்கினால் நாலு வரியில் மினுக்கிவிடலாமே என்றான். முடியும். எனக்கு அதன் மேல் கோபம் இல்லை, வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு நானே அதில்தான் தண்ணீர் அளவு பார்க்கிறேன். ஆனால் அதற்குள் விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் தடவை துடிக்கிற ஒரு கடிகாரம் இருக்கிறது. ஒரு எல்இடியை விநாடிக்கு ஒரு தடவை மினுக்கச் சொன்னால், அது அத்தனை துடிப்பையும் எண்ணிக்கொண்டு சும்மா நிற்கிறது. திரையில், காத்திருக்கச் சொல்லும் ஆயிரம் மில்லி விநாடி என்ற எண்ணை ஒன்று என்று மாற்றினால் எண்தான் மாறுகிறது. பெரிய ஒன்றைப் பிடுங்கி, கடலைப்பருப்பு அளவுள்ள ஒன்றைச் செருகி, நேரம் சுருங்குவதை விரலில் பார்க்கிற பிள்ளைக்கு அந்த ஆயிரம் எதற்கு என்று பிறகு சுலபமாகப் புரியும். அண்ணன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பரவாயில்லை.

கண்காட்சிக்கு அவள் ரோடும் கொண்டுபோகவில்லை, காரும் கொண்டுபோகவில்லை. ஒரு கிண்ணத்தில் ஐந்து கண்டன்சர், ஒரு ப்ரெட்போர்டு, ஒரு அட்டைப்பெட்டி, உள்ளே தலையை விட்டு இருட்டில் பார்க்க. “ஒண்ணு எடுத்துச் செருகுங்க” என்று மட்டும் எழுதி வைத்திருந்தாள். பரிசு கொடுக்க வந்தவர்களில் ஒருவர், இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன் என்று கேட்டாராம். பதில் சொல்லத் தெரியவில்லை என்று வந்து சொன்னாள். பரிசு ஒரு தெருவிளக்குக்குப் போனது. ஆனால் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நாலு தடவை வந்து 0.47-ஐ மட்டும் தேடியெடுத்துச் செருகிவிட்டுப் போனானாம். எனக்கு அவனைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

அன்று சாயங்காலம் அவளுக்கு விட மனசில்லை. “இன்னும் சின்னது இருக்கா சித்தப்பா?” என்றாள். டப்பாவைக் கிளறியதில் 102 ஒன்று கிடைத்தது, 0.001 மைக்ரோ ஃபாரட். செருகினாள். பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல். ஊசி முனை போல, காதுக்குள் எங்கேயோ மெல்லியதாக எனக்குக் கேட்டது. டிவி பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவிடம் கேட்டோம். “எது?” என்றார்.

“இன்னும் ஏத்தலாம்” என்று 68 கிலோ ஓமைப் பிடுங்கிவிட்டு 47 போட்டாள். கணக்கில் பதினைந்தாயிரம் வரும். சத்தம் நின்றுவிட்டது. எல்இடி எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. பீசோ வயர் கழன்றிருக்கும் என்று அமுக்கிப் பார்த்தேன். பேட்டரி மூடியைத் திருகினேன். மூன்றாவது காலில் மீட்டரை வைக்கக் கையில் எடுத்தேன்.

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

“சித்தப்பா, போதும், எடுங்க. கூசுது.”